பதில் கேட்காத உதவி

கடும் நோயில் இருக்கும் குழந்தையின் பெற்றோர் அதிகம் கேட்கும் வார்த்தை, "எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க." மனசாரச் சொல்வதுதான். ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்று யோசிக்கும் வேலையும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. "வியாழக்கிழமை நாலு மணிக்குப் பெரியவளைப் பள்ளியிலிருந்து கூட்டிட்டு வரேன், ஏழு மணி வரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும்" என்றால் "சரி" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீளும். முதல் மாதம் வீடு நிறைய ஆள் இருக்கும். ஆறாம் மாதம் போன்கூட அடிக்காது. அதனால் உங்கள் முறையை ஆறாம் மாதத்துக்கு எடுத்து வையுங்கள்.

பார்க்கப் போவதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. கீமோதெரபி மருந்துகள் பலவற்றில், ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம். லேசான ஜலதோஷம் என்றாலும் போகாதீர்கள். பூங்கொத்தும் தொட்டிச்செடியும் வேண்டாம். அந்தத் தண்ணீரிலும் மண்ணிலும் பூஞ்சையும் கிருமியும் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவக்கூடிய பொம்மை போதும்.

உங்கள் பிள்ளைக்கு அம்மை போட்டு, அதற்கு ஓரிரு நாள் முன்பு நோயுள்ள குழந்தையோடு சேர்ந்து விளையாடியிருந்தால், ராத்திரியானாலும் உடனே சொல்லிவிடுங்கள். கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாள் முன்பே சின்னம்மை பரவ ஆரம்பித்துவிடும். நோயுள்ள குழந்தைக்குத் தடுப்பு மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். சங்கடப்பட்டு மறைப்பதுதான் ஆபத்து.

ரத்தம் கொடுக்க ஒரே நாளில் பத்துப் பேர் திரள்வதைவிட, வாரத்துக்கு இருவர் என்று முறை வைப்பது நல்லது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை எடுத்து வைத்தாலும் 5 முதல் 7 நாள்தான் தாங்கும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வாய்ப்பிருந்தால், நெருங்கிய ரத்த உறவுகள் டாக்டரைக் கேட்காமல் ரத்தம் கொடுக்கக் கூடாது. பிறகு அவர்களிடமிருந்தே மஜ்ஜை எடுக்க நேர்ந்தால், குழந்தையின் உடல் அதை ஏற்க மறுக்கலாம்.

இனி நன்றி. வந்த உதவியைப் பெற்றோர் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கலாம். "எல்லாரும் அன்பா இருக்காங்க" என்று எழுதினால் ஒட்டாது. "12-ம் தேதி, துணியை மடிச்சு வாசல்ல வெச்சிட்டு, பெல் அடிக்காம போயிட்டாங்க" என்று எழுதினால், யாருமே இல்லை என்று தோன்றும் இரவில் அந்த வரி கை கொடுக்கும். இது மொய்நோட்டு அல்ல, திருப்பிச் செய்யும் கணக்கும் அல்ல. எழுத மனம் வராத நாளில் எழுத வேண்டாம்.

"ஆன்ட்டிக்கு தேங்க்ஸ் சொல்லு" என்று குழந்தையை நெருக்குவதையும் விட்டுவிடலாம். ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் கோபமும் அழுகையும் பசியும் மருந்தின் வேலை, வளர்ப்பின் குறை அல்ல. பொம்மை கொடுத்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தையைப் பார்த்து வருத்தப்படாமல், வீட்டுக்குப் போய் இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்: "பொம்மையைக் கழுவிட்டுக் கொடுங்க. இதுக்குப் பதில் போட வேணாம்."