போய்வந்த பிறகு கிடைக்கும் பணம்

இளநிலைப் பட்டப்படிப்பில் இருக்கும் மாணவர்கள் ஆய்வுக்காக வெளிநாடு செல்லப் பணம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், விடை சொல்வது இப்போது அவ்வளவு கடினமில்லை. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் திட்டம் 12 வாரப் பயிற்சிக்கு அழைக்கிறது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி, அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு வைஸ் என்ற திட்டத்தை நடத்துகிறது. ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகமும் பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. இத்தகைய கோடைக்காலப் பயிற்சிகளில் போட்டி கடுமையாக இருந்தாலும், தேர்வானவருக்குச் செலவைப் பற்றிய கவலை பெரும்பாலும் குறைவு. ஏனெனில் மாணவரிடம் பணம் இருக்காது என்ற எண்ணத்துடனேயே அவை வகுக்கப்பட்டிருக்கின்றன.

வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை படிக்கச் செல்பவருக்குத் தரப்படும் பயண உதவியின் கதை வேறு. நம் நாட்டு அரசு நிதி இளநிலை மாணவர்களை எட்டுவது அரிது. முன்பு செர்ப் என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியம் வழங்கி, இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் வந்துவிட்ட பன்னாட்டுப் பயண உதவி, முனைவர் பட்ட ஆய்வாளர்களையும் அவர்களுக்கு மேற்பட்டவர்களையும் மனத்தில் வைத்தே அமைந்தது. ஆகவே இளநிலை மாணவர் நம்பியிருக்க வேண்டியது மாநாடு நடத்தும் அமைப்புகளைத்தான். கணினித் துறையினரின் பன்னாட்டுச் சங்கமான ஏசிஎம் நடத்தும் மாணவர் ஆய்வுப் போட்டியில் இளநிலை மாணவர்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. தேர்வானவர்களுக்கு 500 டாலர் வரை பயண உதவியும் உண்டு. இந்த வகை உதவிகளில் பெரும்பாலானவை, மாணவர் தன் கைப்பணத்தைச் செலவழித்துப் போய்வந்து ரசீதுகளைச் சமர்ப்பித்த பிறகே தரப்படுகின்றன. முதலில் போடப் பணம் உள்ளவருக்கு மட்டுமே பயன்படும் உதவியை உதவி என்று அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் நான் அண்மையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரின் கட்டுரையை வியன்னாவில் நடந்த மாநாடு ஒன்று ஏற்றுக்கொண்டது; பயண உதவிக்கான கடிதமும் வந்துவிட்டது. "சார், பணம் தர்றாங்க. ஆனா போயிட்டு வந்து பில் அனுப்பின பிறகுதானாம்" என்றார். அதற்குள் பதிவுக் கட்டணம், விமானச் சீட்டு, விடுதி முன்பணம், 30,000 யூரோ ஈட்டுறுதி கொண்ட பயணக் காப்பீடு, விசா கட்டணம் ஆகிய அனைத்தையும் கட்டியாக வேண்டும். ஆஸ்திரியா உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. அறிவியல் மாநாட்டுக்குச் செல்லும் ஆய்வாளர்களுக்கு இக்கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு என்றாலும், முனைவர் படிப்பில் சேரத் தகுதி தரும் பட்டம் உள்ளவரையே விதி ஆய்வாளராகக் கொள்கிறது. கட்டுரையை மாநாடு ஏற்றுக்கொள்கிறது. எழுதியவரை ஆய்வாளர் என்று விதி ஏற்பதில்லை.

அம்மாவின் சங்கிலி கூட்டுறவு வங்கியில் அடகுக்குப் போயிற்று. அதன் பிறகுதான் யாரும் எதிர்பாராத சிக்கல் வந்தது. விசாவுக்கு வங்கிக் கணக்கின் கடந்த சில மாத வரவு செலவைக் காட்ட வேண்டும். நகைக் கடனாக வந்த தொகையோ முந்தின வாரம்தான் மொத்தமாகக் கணக்கில் விழுந்திருந்தது. திடீரென்று வந்த பெருந்தொகையை விசா அதிகாரிகள் ஐயத்துடன் பார்ப்பது வழக்கம். அடகுச் சீட்டின் நகல், தந்தையின் உறுதிமொழிக் கடிதம், கல்லூரி முதல்வரின் சான்று என்று எல்லாவற்றையும் இணைத்துத்தான் விண்ணப்பித்தோம். விசா கிடைத்தது.

திரும்பி வந்த பின்னும் தொல்லை தீரவில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் வர, வங்கியைப் பன்னாட்டளவில் அடையாளம் காட்டும் ஸ்விப்ட் குறியீடு தேவை. சிற்றூர்க் கிளைகள் பலவற்றுக்கு அது கிடையாது. மாவட்டத் தலைநகரில் அந்நியச் செலாவணிப் பணிகளைக் கவனிக்கும் கிளையின் குறியீட்டைக் கேட்டு வாங்கித் தர வேண்டியிருந்தது. இடையிலுள்ள வங்கிகள் பிடித்துக்கொண்டது போக மிச்சம் கைக்கு வரும்வரை நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வட்டிக்கு ரசீது இருந்தாலும், அதைச் செலவாக ஏற்கும் உதவித் திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.

இதற்குக் கல்லூரிகள் பெரிய அறக்கட்டளை எதையும் தொடங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பயணங்களுக்குப் போதுமான சுழல் நிதி ஒன்று இருந்தால், உதவிக் கடிதத்தைக் காட்டும் மாணவருக்கு வட்டியின்றி முன்பணம் கொடுத்து, மாநாட்டுப் பணம் வந்ததும் திரும்ப வைத்துக்கொள்ளலாம். முன்னாள் மாணவர் சங்கங்கள் நுழைவாயில் வளைவு கட்டச் செலவிடும் தொகையில் இது தாராளமாக நடக்கும் என்பது என் கணக்கு. வெளிநாட்டு நிகழ்ச்சிக்குச் செல்பவர் என்று கல்லூரியே எழுதித் தரும் பொறுப்புக் கடிதம் விசாவுக்கும் பலம் சேர்க்கும்.

மாணவர்கள் கேட்கக் கூச்சப்படும் ஒன்றும் இருக்கிறது. பதிவுக் கட்டணத்தை விலக்க முடியுமா, விடுதியை நீங்களே பதிவுசெய்ய முடியுமா, தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டியே தர முடியுமா என்று மாநாட்டுப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவதில் தவறேதுமில்லை. கட்டணத்தை விலக்கும் அதிகாரம் பல மாநாடுகளில் பொறுப்பாளரிடமே இருக்கும். அங்கே தன்னார்வலராகப் பணியாற்ற ஒப்புக்கொள்ளும் மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதும் நெடுநாள் வழக்கம். வறுமையை விவரித்துப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம். முன்பணம் போட வழியில்லை என்ற ஒரு வரி போதும்.

சுழல் நிதியைப் பற்றி எங்கள் துறையில் பேசியபோது எழுந்த நியாயமான எதிர்ப்பு ஒன்றுதான்: விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது? கட்டணம் திரும்பி வராது. மலிவு விலையில் எடுத்த விமானச் சீட்டும் பெரும்பாலும் வீண்தான். போகாத பயணத்துக்கு மாநாடும் பணம் தராது. அந்த இழப்பை மாணவரிடம் வசூலிக்கக் கூடாது, நிதியே தாங்க வேண்டும் என்று நான் சொன்னேன். விசா கைக்கு வந்த பிறகே சீட்டு எடுப்பது, அதுவரை முன்பதிவு விவரத்தை மட்டும் காட்டுவது என்ற நிபந்தனையுடன் துறை அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. தொகையைத் திரட்டும் வேலை இனிமேல்தான் தொடங்க வேண்டும்.