தர்மசங்கடத்தில் ஒரு சாஸ்

அப்பா வக்கீல் குமாஸ்தாவாக இருந்தார். அவர் டைப் அடித்த தாள்களைப் பிழை பார்ப்பது பள்ளி விடுமுறைகளில் என் வேலை. அடிக்கடி எதிர்ப்படும் ஒரு தொடர், 'பீக்கன்ட் சிச்சுவேஷன்'. அப்பா அதை 'பிகுவன்ட்' என்பார், கல்லூரி போகும்வரை நானும் அப்படியே. ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்றவர் செத்துப்போனால், அது பிகுவன்ட். அர்த்தம் கேட்டேன். "தர்மசங்கடம்னு வச்சுக்கோ" என்றார். வைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு உணவகத்தின் மெனுவைத் தமிழாக்க எடுத்தேன். அதில் 'பீக்கன்ட் சாஸ்'. தர்மசங்கடச் சாஸா? அகராதியைப் புரட்டினால் காரம், உறைப்பு என்றிருந்தது. 'காரசாரமான சாஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் சமையல்காரர் போன் செய்தார். "மேடம், இதுல மிளகாயே கிடையாதே!"

சரி, நேரில் போய்ச் சாப்பிட்டே பார்த்துவிடலாம் என்று போனேன். பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் வினிகரும் வெள்ளை ஒயினும் ஊற்றிச் சுண்டவிட்டார். கடைசியில் பார்ஸ்லித் தழையும் கெர்கின் ஊறுகாயும் விழுந்தன. கெர்கின் என்பது விரல் பருமன்கூட இல்லாத குட்டி வெள்ளரி, நம் பக்கத்திலும் ஏற்றுமதிக்காகப் பயிரிடுகிறார்கள். ஒரு ஸ்பூன் வாயில் வைத்ததும் நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஒரு குத்து. காதுக்குக் கீழே தாடை கூசியது. காரம் துளியும் இல்லை.

அந்தக் குத்துதான் விஷயம். பிரெஞ்சில் 'பீக்கே' என்றால் குத்துவது. முள் குத்தினாலும் கொசு கடித்தாலும் அதே வினைதான். அதிலிருந்து வந்த 'பீக்கான்', 'குத்துகிற' என்ற பொருளோடு 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. எது குத்துகிறது என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையில்லை. ஸ்பானிஷில் 'பிக்காந்தே' என்றால் மிளகாய்க் காரம். பிரெஞ்சுக்காரருடைய சாஸிலோ வினிகர். கொலம்பஸ் 1492இல் கப்பலேறும்வரை ஐரோப்பாவில் மிளகாயே கிடையாது. நாக்கைக் குத்த அவர்களுக்குக் கடுகும் மிளகும் இஞ்சியும் வினிகரும்தான்.

இதைவிட எனக்குப் பிடித்தது இதைப் போலவே குத்துகிற இன்னொரு ஆங்கிலச் சொல்லான 'பாய்னன்ட்'. இன்று மனதைப் பிசையும் சோகத்துக்குத்தான் அந்தச் சொல். ஆனால் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் சாப்பாட்டுப் பிரியரான ஒரு பண்ணையார் வருகிறார். சாஸ் 'பாய்னன்ட்'டாக இல்லாவிட்டால் அவருடைய சமையல்காரன் பாடு திண்டாட்டம்! லத்தீனில் 'குத்து' என்ற வேரிலிருந்து கிளம்பி, நாக்கில் தங்கி, அப்புறம் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. நெடியைச் சொல்கிற 'பஞ்சன்ட்'டும் அதே வேர்தான்.

தமிழில் 'பீக்கன்ட்'டுக்கு ஈடாக ஒரு பெயரடையைத் தேடி இரண்டு நாள் போனது. கடைசியில் அகப்பட்டது 'சுள்'. வெயில் சுள்ளென்று அடிக்கும், பிரம்பு சுள்ளென்று விழும், ஊறுகாயும் சுள்ளென்று இருக்கும். 'சுள்ளென்ற புளிப்புச் சாஸ்' என்று திருத்தி அனுப்பினேன். முதலாளி ரொம்பப் பிரமாதம் என்று சொல்லிவிட்டு, மெனுவில் 'பீக்கன்ட் சாஸ்' என்றே தமிழ் எழுத்தில் அச்சடித்துவிட்டார்.

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "குத்துதுன்னுதானே அர்த்தம்? அப்ப நான் சொன்னதும் சரிதான்" என்றார்.