ஜெயிலில் அடிபட்டவருக்கு நீதி கேட்கும்போது: முதல் வாரங்களில் செய்ய வேண்டியவை

அமெரிக்கக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஜெயிலில் விசாரணைக் கைதியாக இருப்பவரைக் காவலர்கள் அளவுமீறி அடித்தால், அரசு அதிகாரிகள் உரிமையை மீறும்போது வழக்குப் போட வழிதரும் ஃபெடரல் சட்டத்தின் 1983ஆம் பிரிவின்படி ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நாங்கள் பார்த்தவரை, நியாயமான பல வழக்குகள் நீதிபதியின் கண்ணில் படுவதற்கு முன்பே, ஒரு படிவத்தால் விழுந்துவிடுகின்றன.

உள்ளே இருப்பவர் முதலில் ஜெயிலின் குறைமுறையீட்டை முடிக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம். படிவம், பதில், மேல்முறையீடு என்று கடைசிப் படிவரை போயாக வேண்டும். கெடு எத்தனை நாள் என்பது அந்தந்த ஜெயிலின் கையேட்டில் இருக்கும். சில இடங்களில் சில நாட்கள்தான். காவலரிடம் வாயால் சொன்னதையோ, ஜெயிலை நடத்தும் ஷெரிஃபின் அலுவலகத்துக்கு அம்மா போன் செய்ததையோ பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. படிவம் தரவில்லை, மிரட்டினார்கள் என்றால் யார், எப்போது, என்ன சொன்னார் என்று அன்றே எழுதி வையுங்கள். கிடைக்காத வழியை முடித்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது. அதை நிரூபிக்க அந்தக் குறிப்புகள் வேண்டும்.

அடுத்தது வீடியோ. கேமராப் பதிவுகள் தானாக அழிந்து, அதன்மேல் புதியவை பதிவாகிவிடும். ஷெரிஃபுக்கும் கவுண்டி வழக்கறிஞருக்கும் உடனே கடிதம் அனுப்புங்கள்: தேதி, நேரம், எந்த நடைவழி, எந்த அறை என்று குறித்து, உடல் கேமரா, டேசர் (மின் அதிர்ச்சி தரும் ஆயுதம்) கருவியின் உள்பதிவு, பலப்பிரயோக அறிக்கை எல்லாவற்றையும் பாதுகாக்கச் சொல்லுங்கள். "எல்லா ஆதாரங்களும்" என்று மொத்தமாக எழுதும் கடிதம் வலுவில்லாதது.

காயத்தை நர்ஸிடம் காட்டும்போது, அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிப் பதிவு செய்ய வைக்க வேண்டும். உள்ளே இருந்தபடி வழக்குப் போட்டால், உடல் காயம் இல்லாத மன உளைச்சலுக்கு மட்டும் இழப்பீடு கேட்க முடியாது.

மனுவில் காவலரின் கெட்ட எண்ணத்தை நிரூபிக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தண்டனை பெற்ற கைதிக்குத்தான் அந்த அளவுகோல். விசாரணைக் கைதி என்றால், பலப்பிரயோகம் நியாயமான அளவைத் தாண்டியது என்று காட்டினால் போதும். விஸ்கான்சின் ஜெயில் ஒன்றில் கைவிலங்கிட்ட கைதிமீது டேசர் பயன்படுத்திய கிங்ஸ்லி வழக்கில் 2015இல் வந்த தீர்ப்பு இது. தேவைக்கும் பலத்துக்கும் உள்ள பொருத்தம், காயத்தின் அளவு, பலத்தைக் குறைக்க எடுத்த முயற்சி, கைதி எதிர்த்தாரா என்பவற்றைத்தான் நீதிமன்றம் பார்க்கும். உங்கள் மனுவும் அந்த வரிசையில் பேசட்டும்.

காலக்கெடு மாநிலத்தைப் பொறுத்தது: டென்னசியில் 1 ஆண்டு, கலிஃபோர்னியாவில் 2, நியூயார்க்கில் 3. கடைசி வாரம்வரை காத்திருப்பது ஆபத்து. காவலர் பெயர் தெரியாமல் "ஜான் டோ" என்று போட்டுவிட்டு, கெடு முடிந்தபின் உண்மைப் பெயரைச் சேர்க்கப் பல நீதிமன்றங்கள் விடுவதில்லை. காவலருக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பதற்காகக் கவுண்டியைப் பொறுப்பாக்க முடியாது. அதன் கொள்கையோ நெடுநாள் வழக்கமோ காரணம் என்று காட்ட வேண்டும்.

வழக்குப் போடும் கட்டணம் 405 டாலர். வசதியில்லாத கைதிக்கு 350. அதுவும் ஜெயில் கணக்கிலிருந்து தவணையாகப் பிடிக்கப்படும்.

காவலரைத் தாக்கியதாகக் கைதிமீதே குற்றவழக்கு இருந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், அந்தக் குற்றவழக்கை நடத்தும் கைதியின் வழக்கறிஞரிடம் இந்த வழக்கைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த ஒப்புதல் இதையே முடக்கிவிடலாம். ஜெயில் போனில் மட்டும் இதைப் பேசாதீர்கள். குடும்பத்தோடு பேசும் அழைப்புகள் பதிவாகின்றன.