ஆர்.டி.ஆர். தேர்வும் காலாவதியான ஏடிஸ் குறிப்புகளும்

விமான வானொலி உரிமத்துக்கான ஆர்.டி.ஆர். தேர்வில் தேறிவிட்டேன். 2025 முதல் இதை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ நடத்துகிறது. விண்ணப்பமும் கட்டணமும் சிக்கலின்றி முடிந்தன. என்னை அலைக்கழித்தது, டெல்லி துவாரகையில் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டிச் சேர்ந்த ஒரு பயிற்சி மையம்தான். அதிலும் ஏடிஸ், அதாவது விமான நிலையத்தின் ஓடுபாதை, வானிலை விவரங்களை விமானிகளுக்குத் தொடர்ந்து சொல்லும் பதிவு ஒலிபரப்பு, அந்தப் பகுதியில் அவர்கள் காட்டிய அலட்சியத்தை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மையம் தந்த மாதிரி ஒலிபரப்பில் டெல்லியின் ஓடுபாதை ‘டூ நைனர்’ (29) என்று மட்டும் இருந்தது. 2023இல் நான்காவது ஓடுபாதை பயன்பாட்டுக்கு வந்தபின் அங்கே 29 இடது, 29 வலது என்று இரண்டு உண்டு. அடுத்தடுத்து இணையாகக் கிடக்கும் ஓடுபாதைகளில் இடமா வலமா என்று சொல்லாத தகவலால் விமானிக்கு என்ன பயன்? காற்றின் திசையையும் மெட்டார் எனும் விமான நிலைய வானிலை அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். மெட்டாரில் திசை உண்மை வடக்கை, அதாவது புவியின் வடதுருவத் திசையைக் கொண்டு கணக்கிடப்படும். ஏடிஸில் திசைகாட்டி காட்டும் காந்த வடக்கைக் கொண்டு சொல்லப்படும். டெல்லியில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு பாகைதான் வேறுபாடு என்பதால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் நகலெடுக்கப்பட்டு வந்திருக்க வேண்டும்.

அலுவலகத்தில் இருந்தவரிடம் இவற்றைக் காட்டியபோது, “எல்லா பேட்சுக்கும் இதே நோட்ஸ்தான்” என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பித் தந்தார். உண்மையான ஒலிப்பதிவுகளைக் கேட்கும் வகுப்பு சனிக்கிழமை என்றார்கள். மூடுபனியில் மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிடித்துப் போனால் கதவில் பூட்டு தொங்கியது. தொலைபேசியில் கேட்டதற்கு வகுப்பு ஒத்திவைக்கப்பட்டது என்றார்கள். பணத்தைத் திருப்பித் தர விதியில் இடமில்லை என்பதையும் அப்போதே சேர்த்துச் சொன்னார்கள்.

என்னைக் கரையேற்றியவர் எங்கள் குடியிருப்பில் வசிக்கும், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நாகர்கோவில்காரர். “தம்பி, வார்த்தைய மனப்பாடம் பண்ணாதீங்க. எதுக்கு அப்புறம் எது வரும்னு காதுக்குத் தெரியணும்” என்றார். ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கட்டம் போட வைத்தார்: தகவல் எழுத்து (அந்த ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கில எழுத்து), நேரம், தரையிறங்க அணுகும் முறை, ஓடுபாதை, மாறுநிலை (உயரமானியின் அழுத்த அமைப்பை மாற்றும் உயரநிலை), காற்று, பார்வைத்தூரம், வானிலை, மேகம், வெப்பநிலை, பனிநிலை (டியூ பாயிண்ட்), கியூஎன்எச் (உயரமானிக்கான அழுத்த அளவு). பிறகு பதிவுக் குரலின் வேகத்திலேயே, “இன்ஃபர்மேஷன் கோல்ஃப், டைம் ஸீரோ த்ரீ த்ரீ ஸீரோ” (கோல்ஃப் என்பது ஜி எழுத்து) என்று தொடங்கி மூச்சுவிடாமல் படித்தார். 0330 என்பது உலக நேரம், நம் காலை 9 மணி என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டு கட்டங்கள் காலியாகிவிடும் என்பதால், கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். ஒலிபரப்பு இயன்றவரை 30 விநாடிக்குள் முடிய வேண்டும் என்பது சர்வதேச விதி. நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பழகியவருக்கு அந்த வேகம் பிடிபடாது.

தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: நடப்பில் உள்ள ஏடிஸ் தகவல் தன்னிடம் இருப்பதாக விமானி முதல் தொடர்பிலேயே சொல்லிவிட்டால், கட்டுப்பாட்டாளர் அதில் எதையாவது மீண்டும் சொல்ல வேண்டுமா? மற்றவற்றைத் தவிர்க்கலாம், உயரமானிக்கான அழுத்த அளவை மட்டும் கட்டாயம் தர வேண்டும் என்று தயங்காமல் பதில் சொன்னேன். மையத்தின் குறிப்பேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த நாகர்கோவில் சார் வீட்டு மேசையில் கற்றுக்கொண்டது.

டெல்லியில் எந்த மையத்தில் சேர்வதானாலும், பணம் கட்டுமுன் அவர்களுடைய ஏடிஸ் மாதிரியை வாங்கி, ஓடுபாதை எண்ணோடு இடம் வலம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே சேராதீர்கள்.