உபுண்டு 24.04-இல் அடம்பிடிக்கும் பிபிஏக்கள்

22.04-இலிருந்து 24.04-க்கு மாறியதும் ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கருவி) அப்டேட்டில் 404, ‘ரிலீஸ் ஃபைல் இல்லை’ என்று வந்தால், பிழை காட்டும் பிபிஏவில் (தனியாட்களோ குழுக்களோ நடத்தும் மென்பொருள் களஞ்சியம்) நோபிளுக்கு (24.04-இன் பெயர்) இன்னும் பொதி (மென்பொருள் தொகுப்பு) கட்டவில்லை என்று பொருள். அந்த பிபிஏவின் சோர்சஸ் கோப்பில் ‘சூட்ஸ்’ வரியில் ஜாமி (22.04-இன் பெயர்) என்று மாற்றிச் சமாளிக்கலாம் என்பார்கள், வேண்டாம். ஜாமிக்குக் கட்டிய பைத்தான் பொதிகள் பல 3.11-க்குக் கீழேதான் கேட்கும். நோபிளில் இருப்பதோ 3.12.

அதே கோப்பில் ‘எனேபிள்ட்: நோ’ என்று ஒரு வரி சேர்த்தால் பிழை மறையும். ஆனால் ஏற்கெனவே நிறுவிய பொதிகள் அப்படியே கிடக்கும், அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. பிபிஏ-பர்ஜ் என்ற கருவி அவற்றை உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கு இறக்கும். அதை மேம்படுத்தலுக்கு முன்பே ஓட்டிவிட வேண்டும். பிபிஏவின் பொதிப் பட்டியலே 404 ஆனபின் எதை இறக்குவதென்று அதற்குத் தெரியாது. தாமதமாகிவிட்டதா? ஆப்ட் லிஸ்ட்டில் ‘லோக்கல்’ என்று காட்டுபவற்றை, பெயருக்குப் பின் சாய்கோடிட்டு நோபிள் என்று சேர்த்து, ஒவ்வொன்றாக நிறுவுங்கள்.