சார்ஜரைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள்

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடியும். அதற்கு முந்தைய வாரம் காசிமேட்டில் எந்த விசைப்படகில் ஏறினாலும் "அண்ணே, சார்ஜர் போயிடுச்சு, பேட்டரி ஏறவே மாட்டேங்குது" என்பார்கள். பெரும்பாலும் சார்ஜரில் ஒரு குறையும் இருக்காது. 61 நாள் உப்புக்காற்றில் சும்மா கிடந்த வயரும் டெர்மினலும்தான் காரணம்.

சார்ஜர் ஓடும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். லோடு இல்லாதபோது, அதாவது கரண்ட் ஓடாதபோது, கெட்ட இணைப்பும் சரியான வோல்ட்டையே காட்டி ஏமாற்றும். முதலில் சார்ஜரின் அவுட்புட் முனையில் அளவெடுங்கள். அடுத்து பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே மீட்டர் வயரின் முள்ளை வைத்து அளவெடுங்கள். கிளாம்ப் மேல் வைக்கக் கூடாது. அங்கே 14.4, இங்கே 13.6 என்றால் வழியில் 0.8 வோல்ட் தொலைகிறது. தன் முனையில் 14.4 வந்துவிட்டதால் சார்ஜர் கரண்டைக் குறைத்துவிடும், பேட்டரி அரைகுறையாகவே நிற்கும்.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. மீட்டரின் ஒரு முள் சார்ஜர் பாசிட்டிவில், மறுமுள் பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். பிறகு லக் (வயர் முனையில் அழுத்திய உலோகக் காது), ஃபியூஸ், ஸ்விட்ச் என ஒவ்வொன்றாக நெருங்கி வாருங்கள். நெகட்டிவ் பக்கமும் இதே வேலை. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஃபியூஸின் இரு முனைக்கு இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தாலும் ஹோல்டரோடு மாற்றிவிடுங்கள்.

லக்கை ஒட்டிய இன்சுலேஷனைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள். செம்பு கறுத்தோ, பச்சைக் களிம்பு ஏறியோ இருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள். சில வயர்களில் ஒரு முழம் போக வேண்டியிருக்கும். ஈயம் பூசிய செம்பு வயர் விலை கூடுதல்தான், ஆனால் படகுக்கு அதுதான் சரி. கனமும் முக்கியம். 5 மீட்டர் தூரத்துக்கு 15 ஆம்ப் போனால், 4 சதுர மி.மீ. வயரில் போக வர கிட்டத்தட்ட 0.7 வோல்ட் விழும். 16 சதுர மி.மீ. போட்டால் 0.2-க்குள் நிற்கும்.

24 வோல்ட் படகில் இன்னொரு சிக்கல் உண்டு. வரிசையாகக் கட்டிய 12 வோல்ட் பேட்டரி இரண்டும் சேர்ந்து 28.8 காட்டும். தனித்தனியே அளந்தால் ஒன்றில் 15.6, மற்றதில் 13.2. அந்தப் 13.2 பேட்டரியில் ஒரு செல் செத்திருக்க வாய்ப்பு அதிகம். மற்றதோ அதிக சார்ஜில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

சில நவீன சார்ஜர்கள் அடியோடு இறங்கிய பேட்டரியை பேட்டரியாகவே மதிக்காது. விளக்கு எரியும், கரண்ட் வராது. அதே வோல்ட்டில் நல்ல பேட்டரி ஒன்றைப் பத்து நிமிடம் இணையாக (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) கட்டினால் எழுப்பிவிடலாம். கரையிலிருந்து நீள எக்ஸ்டென்ஷனில் மின்சாரம் எடுத்தால், சார்ஜரின் பிளக் முனையிலும் அளந்துகொள்ளுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரில் உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் குறையும்.

கிளிப்பைக் கழற்றும் முன் கரைமின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், மூடிய இன்ஜின் அறையில் ஒரு பொறி போதும். அடுத்த தடைக்காலத்துக்குப் படகைக் கட்டும்போது முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, 12.4-க்குக் கீழே இறங்கினால் மறுபடி ஏற்றுங்கள்.