கத்தரிக்காய்க்கு பேரம், கண்டாங்கிக்கு பேரமே கிடையாது

வாங்குறவங்கள வகை பிரிச்சு வைக்கிறது மார்க்கெட்டிங் படிச்சவங்களுக்கு ரொம்ப பிடிச்ச வேலை. விலைய மட்டும் பாக்குறவரு, பிராண்டு பாக்குறவரு, கண்ணுல பட்டதும் எடுத்துர்றவரு, நாலு கடை ஏறி எறங்கி கடைசில ஒண்ணுமே வாங்காம போறவருன்னு. காரைக்குடில எங்க மாமா சேலைக்கடைல சாயங்காலம் கல்லா பக்கத்துல உக்காந்து பாத்தா இந்த வகை எல்லாமே வருது, ஆனா பாதி நேரம் எல்லாம் ஒரே ஆளா வருது, அதான் சிக்கல்.

எங்க தெரு ஆச்சி ஒருத்தங்கள எடுத்துக்குங்க. காய்க்காரம்மாகிட்ட கத்தரிக்கா கிலோவுக்கு அஞ்சு ரூவா கொறைக்கச் சொல்லி வெயில்ல நிப்பாங்க, கருவேப்பில கொசுறு வாங்காம நகர மாட்டாங்க, அதே ஆச்சி மக கல்யாணச் சீருக்குன்னு கடைக்கு வந்தா வெலைச்சீட்டயே திருப்பிப் பாக்குறதில்ல, "நல்லதா எடு தம்பி, பரப்பி வச்சா நாலு பேரு பாக்குற சாமான்"னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பாங்க. இவங்கள சிக்கனம்ங்கிற வகைல போடுறதா, தாராளம்ங்கிற வகைல போடுறதா?

ரிச்சர்ட் தேலர்னு ஒரு பொருளாதாரக்காரரு, 2017ல நோபல் வாங்குனவரு, இதுக்கு நல்ல வெளக்கம் குடுத்திருக்காரு. காசு எல்லாம் ஒண்ணுதான்னாலும் மனசுக்குள்ள அத அஞ்சறைப்பெட்டி மாதிரி தனித்தனியா பிரிச்சு வச்சுக்குறோமாம், காய்கறிக் காசு வேற, சீர்க் காசு வேற, ஒண்ணுலேந்து இன்னொண்ணுக்கு எடுக்க கை வராது. ஆச்சி மாறல, அவங்க தொறக்குற அறைதான் மாறுது.

செட்டிநாட்டுக்காரங்கன்னாலே கஞ்சம்னு ஒரு ஜோக்கு இருக்குல்ல, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. 2008ல ஸ்காட் ரிக், சிந்தியா க்ரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன்னு மூணு பேரு சேந்து பண்ணுன ஆய்வுல கஞ்சமும் சிக்கனமும் வேற வேறன்னு அழகா பிரிச்சிருப்பாங்க. கஞ்சனுக்கு காசு குடுக்குறப்பவே வலிக்குது, அதனால தேவைன்னு தெரிஞ்சும் வாங்க மாட்டான். சிக்கனக்காரங்களுக்கு வலியெல்லாம் இல்ல, மிச்சம் பிடிக்கிறதுல ஒரு சந்தோஷம். பைசா சுத்தமா கணக்கு எழுதி வச்ச எங்க அப்பத்தா ரெண்டாவது ரகம், கொசுறு கருவேப்பில வாங்குற ஆச்சி மூஞ்சிய பாத்தாலே தெரியும் அவங்களும் அதேதான்.

அந்த வலி நோட்டா எண்ணிக் குடுக்குறப்பதான் ஜாஸ்தி. 2001ல அமெரிக்காவுல ப்ரெலெக், சிமெஸ்டர்னு ரெண்டு ஆய்வாளருங்க மாணவர்கள வச்சு பாஸ்கெட்பால் டிக்கெட்ட ஏலம் விட்டுப் பாத்தாங்க, யாருகிட்ட கிரெடிட் கார்டுல கட்டணும்னு சொன்னாங்களோ அவங்க, பணமா கட்டச் சொல்லப்பட்டவங்கள விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஏலம் கேட்டிருக்காங்க. அது கார்டு, நம்ம ஜிபேய அப்படியே அதோட சேத்துற முடியாதுதான், இருந்தாலும் எங்க கடைல நோட்ட எச்சி தொட்டு ரெண்டு தரம் எண்ணுற பெரியவரு ஒரு சேலையோட போயிர்றாரு, ஃபோன காட்டி ஸ்கேன் பண்ற மருமக கூட ஒரு ஜாக்கெட் பிட்டும் சேத்து எடுத்துருது.

எல்லா ரேக்கையும் எறக்கிப் பாத்தாத்தான் திருப்திங்கிற ஆளுங்க தனி. அவங்களப் பத்தியும் ஒண்ணு உண்டு, 2006ல வந்த ஒரு ஆய்வுல வேல தேடுற காலேஜ் பசங்கள்ல இந்த மாதிரி ஆளுங்களுக்கு மத்தவங்கள விட சம்பளம் 20 சதவீதம் கூடக் கெடச்சிருக்கு, ஆனா திருப்தி கம்மி. கடைய கலச்சுப் போட்டுட்டு நல்லதையே எடுத்துட்டுப் போயிட்டு அடுத்த நாள் "மாத்திக்கலாமா அண்ணே"ன்னு வர்றது இவங்கதான்.

ஊரு பாக்கணும்னு வாங்குறது மட்டும் எங்க மண்ணுல ரத்தத்துலயே இருக்கு. தார்ஸ்டீன் வெப்லன்ங்கிற அமெரிக்கப் பொருளாதாரக்காரரு பகட்டுக்காக வாங்குறதப் பத்தி 1899ல எழுதுனப்ப இங்க பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் எறங்கிட்டு இருந்த காலம். அப்புறம் சீருக்கு வெளிநாட்டு எனாமல் சட்டி, டிஃபன் கேரியர்னு அடுக்குனாங்க, பல வீட்ல அதுல சோறே ஆக்குனதில்ல. இப்ப அதெல்லாம் முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைல கெடக்கு, சென்னைலேந்து வர்றவங்க தேடி வாங்கி ஹால்ல மாட்டுறாங்க. அவங்களும் சமைக்க வாங்கல!

சேலையும் அப்படித்தான் ஆகிப்போச்சு. 2019ல எங்க ஊரு கண்டாங்கிச் சேலைக்கு புவிசார் குறியீடு கெடச்சுது, வெளியூர்க்காரங்க கட்டம் பெருசா, கரை பட்டையா, அசல் நூல் சேலைதானான்னு கேட்டுக் கேட்டு எடுக்குறாங்க, உள்ளூர்ப் பொண்ணுங்க "அது அப்பத்தா கட்டுறது, சாஃப்ட் சில்க் காட்டுங்க"ங்குதுக. எங்க மாமாவுக்கு வெப்லனும் தெரியாது தேலரும் தெரியாது. யாரு வந்தாலும் ஆள எடை போடாம மொதல்ல அவரு கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "வீட்டுக்கா, விசேஷத்துக்கா?" பதில பொறுத்துதான் எந்த ரேக்குல கை போகும்னு தெரியும்.